கை வைக்காமல் செய்த வில்

டீக்கடை பெஞ்சின் மேல் பாலசுந்தரத்தின் வலது உள்ளங்கை ஊர்ந்துகொண்டிருக்கிறது. இடது கையில் டம்ளர். வாய் பக்கத்தில் இருப்பவரிடம் மழையைப் பற்றிப் பேசுகிறது. உள்ளங்கை மட்டும் தன் பாட்டுக்குப் பலகையின் ஓரம் வரை போய், திரும்பி, நடுவில் ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. "இங்க ஒரு முடிச்சு கீது. மேல பெயின்ட் அட்ச்சி மூடிட்டானுங்க" என்கிறார். கடைக்காரர் குனிந்து பார்க்கிறார். ஒன்றும் தெரியவில்லை. பாலசுந்தரம் டீயைக் குடித்துவிட்டு எழுந்துகொள்கிறார்.

பஸ்ஸில் ஏறினால் முன்சீட்டின் முதுகு, கல்யாணத்தில் வாழையிலை, ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது சுவர், எதுவும் அந்தக் கைக்குத் தப்புவதில்லை. பிறந்த குழந்தையைத் தூக்கிக் கொடுத்தால்கூட முதுகை ஒருமுறை தடவிவிட்டு, "நல்ல நெருக்கம். பொடவைக்கே ஆவும்" என்பார். குழந்தையைப் பெற்றவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

ஆந்திர எல்லைக்குள், நகரியை ஒட்டிய ஏகாம்பரகுப்பத்தில் அவர் தறி மேஸ்திரி. விசைத்தறி நின்றுபோனால் கூப்பிடுகிற ஆள். சொந்தத்தில் வீட்டின் பின்கட்டில் இரண்டு தறி ஓடுகிறது. மற்ற நேரமெல்லாம் டிவிஎஸ் வண்டியில் ஸ்பானர் பையோடு தெருத்தெருவாகச் சுற்றல். போன இடத்தில் முதலில் தறியைத் தொடமாட்டார். கடைசியாக நெய்து இறங்கிய துணியில் ஒரு முழம் இழுத்து, அதன்மேல் உள்ளங்கையை ஓட்டுவார். மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் கண் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். "எடது பக்கம் அடி கம்மியா வுயிது. நூல் இழுத்துக்கினு ஓடற நாடா பாதி தூரம் தூங்கிக்கினே போவுது" என்று தீர்ப்பு வரும். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தவறாக இருக்கும் நாட்களில் ஓனர் நூலைக் குறை சொல்வார், இவர் ஓனரைக் குறை சொல்வார்.

அந்த உள்ளங்கையில் எப்போதும் மெஷின் எண்ணெய் உண்டு. மண்ணெண்ணெய், சோப்பு, செங்கல் தூள் எதைப் போட்டுத் தேய்த்தாலும் ரேகைகளுக்குள் கொஞ்சம் தங்கிவிடும். இதைப் பற்றி அதிகம் பேசக்கூடியவர் அவர் மனைவி வசந்தா. தெருவில் நாலைந்து வீட்டுத் துணி மடிப்புக்கு வசந்தாவிடம்தான் வருகிறது. வாசல் வெளிச்சத்தில் துணியைச் சாய்த்துப் பிடித்து, இழை விட்ட இடம், முடிச்சு, கறை என்று பார்த்து ஒதுக்குவது அவர் வேலை. "மேஸ்திரி வந்துட்டுப் போன தறித்துணி தனியா தெரியும். ஊர்ல எல்லாரும் கறை போவ சோப்பு வாங்குவாங்க, நான் கறைக்குப் பொண்டாட்டியா வந்துகீறேன்" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொல்வார். மேஸ்திரிக்கும் கேட்கும்.

இந்த மனிதர் வில் செய்யக் கிளம்பியதற்கு ஹரிதா காரணம். வசந்தாவின் அண்ணன் மாசிலாமணியின் மகள். இரண்டு தெரு தள்ளி வீடு. நிலைப்படியில் குனிந்து வருகிற உயரம். வார்டு சசிவாலயத்தில், அதாவது வார்டு அரசு அலுவலகத்தில், வேலை பார்க்கிறாள். திருப்பதியில் படித்தபோது வில்வித்தை கற்றுக்கொண்டவள். படிப்பு முடிந்ததும் கல்லூரி வில்லைக் கல்லூரியிலேயே வைத்துவிட்டு வரவேண்டியிருந்தது. அதற்குப் பிறகு ரேஷன் கார்டு திருத்தமும் பென்ஷன் கைரேகையுமாக மூன்று வருடம் ஓடிவிட்டது.

ஊர்த் திருவிழாவான ஜாத்திரைக்குச் சாப்பிட வந்த ஒரு நாளில், எங்கோ குளிர்நாட்டில் ஒருவன் தன் வீட்டுக் கொட்டகையில் வில் செய்கிற வீடியோவை அவள் போனில் காட்டினாள். பாலசுந்தரம் பார்த்தார். மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் முறை ஓடும்போது போன் திரையையே தடவ, வீடியோ நின்று வேறு ஏதோ பாட்டு வந்துவிட்டது.

"இத்த நாமளே செய்யலாமே" என்றார்.

"மாமா, அவன் வருஷக்கணக்கா இதே வேலயா கீறான்."

"இருக்கட்டுமே. செய்றவனுக்கும் ரெண்டு கைதானே?"

மிக்சி ரிப்பேருக்கும் அவர் இதையேதான் சொல்வார், மோட்டாருக்கும் அப்படித்தான். ஒருமுறை வசந்தாவின் பல்வலிக்கே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஹரிதா கேட்டது கழற்றி மாட்டும் வில். நடுவில் மரத்தில் ஒரு கைப்பிடி. மேலும் கீழும் ஒவ்வோர் இறக்கை. இரண்டு போல்ட்டு. கழற்றினால் தோள்பைக்குள் அடங்கிவிடும், ரயிலில் திருப்பதி வரை எடுத்துப் போகலாம். கஷ்டமெல்லாம் இறக்கையில் இருக்கிறது. மூங்கிலைத் தோசைக் கனத்துக்குச் சீவி, அடிப்பக்கம் தடிப்பாகவும் நுனிப்பக்கம் மெல்லிசாகவும் தேய்த்து, அப்படி இரண்டு பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்க வேண்டும். வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று என்று கண்ணாடி நார்ப் பட்டை. ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவில் எபாக்சிப் பசை. மொத்தத்தையும் வளைவான அச்சில் வைத்து அழுத்தி, சூட்டில் காயவைத்தால் ஒரே துண்டாக வெளியே வரும். நுனி மட்டும் எதிர்ப்பக்கம் வளைந்து, பழிப்புக் காட்டுவதுபோல இருக்கும்.

பின்கட்டில் மூன்றாவது தறி இருந்த இடம் பட்டறையானது. துணி சுற்றும் பழைய உருளையில் உப்புத்தாளை ஒட்டி, தறி மோட்டாரில் மாட்டி, மூங்கில் தேய்க்கும் மெஷின் செய்தார். அழுத்தத்துக்கு, பழைய இரும்புக் கடையில் கிடைத்த தீயணைப்புக் குழாயை இருமுனையும் மடித்து இறுக்கி, பஞ்சர் கடை கம்ப்ரசரில் காற்றடித்தார். அது புடைத்து அச்சோடு இறக்கையை நெரித்தது. சூட்டுக்கு வசந்தாவின் சீர்வரிசைப் பீரோ. துரு ஏறி மூலையில் கிடந்ததை மல்லாக்கப் படுக்கவைத்து, உள்ளே வரிசையாக மஞ்சள் பல்பு மாட்டினார். வந்தவர்களிடமெல்லாம் வசந்தா அதைத் திறந்து காட்டினார். "எங்க நைனா பட்டுப்பொடவ வெக்கக் குடுத்த பீரோ. இப்ப இதுல மூங்கில் வேவுது."

மரத்துக்குப் புத்தூர் ரோட்டில் சலீமின் மில். கைப்பிடிக்கு நல்ல கெட்டி மரமாக வேண்டும் என்றதுமே சலீம் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "அண்ணா, செம்மரம் மட்டும் கேக்காத. நீ வில்லு செய்றதுக்குள்ள நம்ம ரெண்டு பேரையும் ஜீப்புல ஏத்திடுவான்." கடைசியில் புளியமரத்து வைரத்தில் ஒரு கட்டை கிடைத்தது. நாணுக்கு மட்டும் அவர் யாரையும் கேட்கவில்லை. தறிக்காரரிடம் நூல் பற்றி யார் பேசுவது? வலுவான பாலியஸ்டர் இழைகளைத் தொடையில் வைத்து முறுக்கி அவரே திரித்துக்கொண்டார்.

இரண்டு இறக்கை வீணாகி, அடுத்த ஜோடி சரியாக வந்தது. முதலில் அவரே இழுத்துப் பார்த்தார். பின்கட்டில் பழைய மெத்தையைச் சுவரில் சாய்த்து, நாள்தோறும் வேலைக்குப் போகும் முன் எய்துபார்த்தார். மெத்தையிலிருந்து பஞ்சு பறந்தது. வில்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பாலசுந்தரம் குள்ளமான ஆள். கை குட்டை. நாண் அவர் கன்னத்துக்கு வரும்போது இறக்கை பாதிதான் வளைந்திருக்கும். இது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ரயிலேறினார்கள். திருப்பதி ஸ்டேஷனில் போலீஸ்காரர் ஒருவர் பையின் மேல் தடியால் தட்டினார். "ஏன்டிதி? சன்னாயா?" நாதஸ்வரமா என்கிறார்.

"காதண்டி. வில்லு."

"வில்லா? எவரினி கொட்டேதி?" யாரை அடிக்கப் போகிறாய் என்று கேட்டதும் ஹரிதா முந்திக்கொண்டாள். "எவரினி காதண்டி. அட்டனி." ஆளை இல்லை, அட்டையை. போலீஸ்காரர் சிரித்துவிட்டு, தானும் கைப்பிடியை ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு அனுப்பினார். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வரும்வரை பாலசுந்தரத்துக்கு முகமெல்லாம் பல்.

மைதானத்தில் அவள் நீளக் கையால் முழு வீச்சுக்கு இழுத்து, நாணைத் தாடையில் பதித்து நிறுத்தினாள். முதல் அம்பு போனது. இன்னும் சில போயின. "மாமா, சூப்பரா கீது" என்று திரும்பிச் சொன்னாள். அடுத்ததற்கு இழுத்து நிறுத்தியபோது மேல் இறக்கை பட்டை பட்டையாகப் பிரிந்து தெறித்தது. கண்ணாடி நார்ப் பட்டையின் விளிம்பு அவளது இடது புருவத்தைக் கிழித்துக்கொண்டு போயிற்று. கண்ணுக்கும் அதற்கும் இடையில் ஒரு விரல்கூட இல்லை.

தையல் போட்டார்கள். ரயிலில் திரும்பினார்கள். பாலசுந்தரம் அவளை வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட்டபோது மாசிலாமணி மகளின் முகத்தைப் பார்த்தார், பிறகு பையைப் பார்த்தார். "மாப்ள, ஒடஞ்ச கைக்குப் புத்தூர்ல கட்டு போடுவான். பொண்ணு கண்ணு போயிருந்தா நீ எங்க கூட்டினு போயிருப்ப?" அதற்குப் பிறகு மாசிலாமணி தங்கை வீட்டுப் பக்கம் வரவில்லை. கிருத்திகைக்கு வரவில்லை, தீபாவளிக்கு வரவில்லை. ஹரிதா தெருவில் பார்த்தால் சிரிப்பாள், நிற்கமாட்டாள். பேச்சை நிறுத்தாத அந்த வீட்டில் அந்த ஒன்று மட்டும் பேசப்படாமல் கிடந்தது.

பாலசுந்தரம் காரணம் தேடினார். பசை பழசு என்றார். ஆடிக்காற்று ஈரம் என்றார். பீரோவுக்குள் சூடு ஏறும்போது கரண்டு போய்ப் போய் வந்தது என்றார். சலீமிடம் போய் மூங்கில் பச்சை என்று சண்டை போட்டார். "பச்ச மூங்கில்னா முறியும். இது பிரிஞ்சிக்கினு வந்துருக்கு. என்னாண்ட வந்து இன்னாத்துக்குக் கத்துற?" என்று சலீம் திருப்பி அனுப்பினார். உடைந்த இறக்கை பட்டறை மேசைமேல் வாழைப்பூ மாதிரி விரிந்து கிடந்தது. அவர் தினமும் அதை எடுத்துத் தடவிப் பார்ப்பார். கை ஒன்றும் சொல்லவில்லை.

கண்டுபிடித்தது வசந்தா. பட்டறையைப் பெருக்க வந்தவர், பிரிந்த மூங்கில் பட்டையை எடுத்து, பழக்கம் காரணமாக வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார். பசை ஒட்டிய இடத்திலெல்லாம் நார் பிய்ந்து சொரசொரவென்று இருந்தது. நடுவில் மட்டும் அகலமாக ஓர் இடம், எதுவும் ஒட்டாமல் வழவழவென்று. அதிலிருந்து நாலு கோடு பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தது.

"இன்னாயா, இது உன் கை."

"இன்னா கை?"

"உன் கைதான்யா. எத்தினி வருசமா பாக்கறேன், எனக்குத் தெரியாதா? தறித்துணியில வுழற அதே கறை. தோ, இங்க ஆரம்பிச்சி இப்டி இழுத்துக்கினு போயிருக்க. பசை போடறதுக்கு முன்ன தடவிப் பாத்தியா?"

தடவிப் பார்க்காமல் எப்படி? ஒவ்வொரு பட்டையையும் தேய்த்து முடித்ததும், சமமாக இருக்கிறதா என்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அவர் தடவித்தான் பார்த்தார். மேலிறக்கைக்குக் கூடுதலாகவே தடவினார். அதில்தான் பாரம் அதிகம் விழும் என்று வீடியோக்காரன் சொல்லியிருந்தான்.

"போடி" என்றார். "கைபட்டாலாம் பசை வுட்டுடுமா? ஊரெல்லாம் கையாலதான் ஒட்டறான்."

ஆனால் அன்றைக்கே, வசந்தா கடைக்குப் போன சமயம், இரண்டு ஜோடி சிறு மூங்கில் துண்டுகளை எடுத்தார். ஒரு ஜோடியை ஸ்பிரிட்டில் துடைத்து, விளிம்பைப் பிடித்தே ஒட்டினார். இன்னொன்றை வழக்கம்போல ஆசை தீரத் தடவிவிட்டு ஒட்டினார். காய்ந்த பிறகு உளியை நுழைத்து நெம்பினார். முதல் ஜோடி மூங்கிலே பிளந்தாலும் பசையை விடவில்லை. இரண்டாவது, பழைய செருப்பின் அட்டை மாதிரி வாயைப் பிளந்தது. அவர் அதை மறுபடி சேர்த்து வைத்துப் பார்த்தார். பிறகு அடுப்பில் போட்டுவிட்டார். சாப்பாட்டின்போது தட்டின் விளிம்பைத் தடவப் போன கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வசந்தா பார்த்தார். குழம்பு ஊற்றினார்.

ஒரு மனிதனுக்குத் தெரிந்ததெல்லாம் ஓர் உறுப்பில் இருக்கும்போது, அந்த உறுப்பே வேலையைக் கெடுக்கிறது என்றால் அவன் என்ன செய்வான்? பாலசுந்தரம் மெடிக்கல் ஷாப்பில் கையுறை வாங்கிவந்தார். அதை மாட்டிக்கொண்டு மூங்கிலைத் தடவியபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்து வசந்தா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "இன்னாயா, மொகத்த ஏன் இப்டி வச்சிக்கினுகீற?"

"ஒண்ணியும் தெரியல. சட்ட போட்டுக்கினு குளிக்கற மாதிரி கீது."

கையுறை மூங்கில் சிலாம்பு குத்திக் கிழிந்துபோகும். கிழிந்தது தெரியாமல் விரல் வெளியே எட்டிப் பார்க்கும். அதனால் பசை போடுகிற அன்று வசந்தா துணி மடிப்பை ஒதுக்கிவைத்துவிட்டுப் பட்டறையில் வந்து உட்கார்ந்தார். பட்டைகளை ஸ்பிரிட்டில் துடைத்து வரிசையாக வைத்தவர் அவர்தான். பாலசுந்தரம் பசையைக் கலக்கிக்கொண்டே ஒரு பட்டையின் பக்கம் சாய்ந்தால் போதும், "கை!" என்று ஓர் அதட்டல் விழும். பூரி சுடும் இடத்தில் பிள்ளைகளை விரட்டுவதுபோல. "நான் சும்மாதான்..." "கை!" பீரோ கதவைச் சாத்தி பல்பு போட்டபோது அவருக்கு வியர்த்துக் கொட்டியிருந்தது. வழக்கமாக இந்த இடத்தில் அவருக்குத் தெரிந்துவிடும், வேலை நல்லதா மோசமா என்று. இந்த முறை தெரியவில்லை.

காய்ந்து வந்த இறக்கைகளைப் புளியமரக் கைப்பிடியில் மாட்டி, சுவரில் பலகை அடித்து, கப்பியில் கயிறு போட்டு, நாணைப் பிடித்து இழுத்தார். தன் கை நீளத்துக்கு அல்ல, ஹரிதாவின் கை நீளத்துக்கு. அதைத் தாண்டியும் கொஞ்சம். மேலிறக்கை கீழிறக்கையைவிட விறைப்பாக இருந்த இடங்களில் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து இரண்டையும் சமமாக்கினார். பின்கட்டில் தறி ஓடிக்கொண்டே இருக்க, பலகையில் வில் வளைந்து வளைந்து நிமிர்ந்தது. உடையவில்லை. பிரியவில்லை. "அப்ப சரிதான?" என்றார் வசந்தா.

"கயிறு இழுத்தா ஒரே மாதிரிதான் இழுக்கும். மனுசி இழுத்தா கை நடுங்கும், சாயும். போன வில்லும் எனக்கு நல்லாத்தான் இருந்துச்சி. அவ கையிலதான் பிரிஞ்சிது." அவர் வில்லைக் கழற்றிப் பையில் வைத்தார். "அவ இழுத்தாதான் தெரியும்."

தை பிறந்து மாசிலாமணி வீட்டுக்கு அவர் போனார். புது வில்லை எடுத்துக்கொண்டு போகவில்லை. பழைய துண்டைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போனார். மாசிலாமணி கூடத்தில் செல்போனில் தெலுங்கு நியூஸ் கேட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. ஹரிதா அப்போதுதான் ஆபீசிலிருந்து வந்திருந்தாள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. பாலசுந்தரம் தாளைப் பிரித்து, மூங்கில் பட்டையைத் தரையில் வைத்து, அந்த வழவழத்த இடத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்துக் காட்டினார். சரியாகப் பொருந்தியது.

"எண்ணெய்க் கை. பசை போடறதுக்கு முன்ன தடவிட்டேன். வேற ஒண்ணியும் இல்ல. மூங்கில் நல்ல மூங்கில்தான்."

நியூஸ் நின்றது. மாசிலாமணி எட்டிப் பார்த்தார். "கை வச்சதால கெட்டுச்சின்ற. அப்ப கையே வெக்காம இருந்துருக்கலாம் இல்ல மாப்ள? எம்பொண்ணு புருவம் முழுசா இருந்துருக்கும்."

"ஆமா மச்சான்."

மாசிலாமணி சண்டைக்கு இழுத்த கயிறு எதிர்முனையில் விட்டுப்போனதுபோல உட்கார்ந்திருந்தார். ஹரிதா குனிந்து பட்டையை எடுத்தாள். நகத்தால் அந்த நாலு கோடுகளை மெல்லக் கீறிப் பார்த்தாள். புருவத்தில் தையல் போட்ட இடம் மட்டும் முடி வளராமல் வெள்ளையாக இருந்தது.

"இந்த வாட்டி யார் தொடச்சது?"

"உங்க அத்த. நான் க்ளவுஸ் போட்டுக்கினுதான் செஞ்சேன்."

"தடவிப் பாக்கவே இல்லயா?"

"இல்ல."

"அப்ப நல்லா வந்துருக்கான்னு எப்டித் தெரியும் மாமா?"

"தெரியாது" என்றார் பாலசுந்தரம். "பலகையில நிக்கிது. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

மாசிலாமணி மகளைப் பார்த்தார். ஹரிதா அடையாள அட்டையைக் கழற்றி அதன் நாடாவை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "சண்டே ஆபீசு இல்ல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

திருப்பதி வரைக்கும் இந்த முறை வேண்டாம் என்றாகிவிட்டது. ஊருக்கு வெளியே தெரிந்தவர்களின் மாந்தோப்பு. மரங்கள் பூ எடுத்திருந்தன, தேனீ சத்தம். வைக்கோலை இறுக்கிக் கட்டி, அதன்மேல் அட்டையை மாட்டினார்கள். வசந்தா வந்திருந்தார். அவர் கையில் மாசிலாமணியின் ஹெல்மெட். "உங்க நைனாதான் குடுத்தனுப்புச்சி. போட்டுக்கோ."

"அத்த, ஹெல்மெட் போட்டா நாண் எங்க வந்து படும்? தாடையில பட்டாதான எய்ய முடியும்."

"அப்ப தாடைய வுட்டுட்டு மீதிக்குப் போட்டுக்கோ."

ஹரிதா சிரித்தாள். ஹெல்மெட் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தது. பாலசுந்தரம் பையைத் திறந்து கைப்பிடியை எடுத்தார். கீழிறக்கையை வைத்து போல்ட்டைத் திருகினார், மேலிறக்கையை வைத்துத் திருகினார். நாணேற்றி, கைப்பிடியிலிருந்து நாண் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்து பார்த்து, அவளிடம் நீட்டினார். அவள் வாங்கினாள். அம்பு இல்லாமல் பாதி இழுத்தாள், விட்டுவிடாமல் மெதுவாகத் திரும்பக் கொண்டுவந்தாள். மறுபடி பாதி. அதற்கு மேல் கை போகவில்லை. இடது கண் தானாக மூடிக்கொண்டது. அவள் வில்லை இறக்கினாள்.

"வர மாட்டேங்குது மாமா."

"பரவால்ல. மெதுவா."

அம்பைப் பொருத்தினாள். தூக்கினாள். பாதியில் மறுபடி கண் மூடியது, தோள் காதுவரை ஏறியது. இறக்கினாள். வசந்தா முந்தானையைச் செருகிக்கொண்டார். தேனீக்கள் மட்டும் தங்கள் வேலையைப் பார்த்தன. அப்படியே பையை மூடிக்கொண்டு திரும்பிப் போய்விடலாம், யாரும் யாரையும் எதுவும் சொல்லமாட்டார்கள். எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

ஹரிதா மூச்சை இழுத்துவிட்டாள். "இன்னொரு வாட்டி பாக்கறேன். நீங்க ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க. அந்த மரத்தாண்ட போய்டுங்க."

வசந்தா மரத்தருகே போனார். பாலசுந்தரமும் கூடவே போனார். அங்கே நின்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். காம்பை மடித்து வசந்தாவின் கையில் கொடுத்தார். கண்ணாடியை வாங்கிக்கொண்ட வசந்தா அவர் முகத்தைப் பார்த்தார்.

அவர் திரும்பி நடந்தார். ஹரிதாவின் முதுகுப் பக்கமாக நெருங்கி, மேலிறக்கை தெறித்தால் எட்டுகிற தூரத்தில், அவள் முகத்துக்குப் பக்கத்தில் தன் முகத்தைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். உயரம் போதவில்லை. குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"ம்" என்றார். "இப்ப இழு."